தாத்தாவின் அப்பாவுக்கு மேலே: குடும்ப வரலாறு தேடத் தொடங்குபவருக்கு

நீங்கள் கேட்டது சுருக்கமாக இது. தாத்தாவின் அப்பா பெயர் வரை தெரியும். பூர்வீகம் மன்னார்குடி பக்கம் ஒரு கிராமம். அந்தக் கொள்ளுத்தாத்தாவின் தம்பி ஒருவர் கப்பலேறிப் போனவர், திரும்பவே இல்லை என்று வீட்டில் பேச்சு. இதற்கு மேலே எப்படிப் போவது, இந்தத் தேடலை முறையாகக் கற்றுக்கொள்ள எங்கே என்ன இருக்கிறது?

இணையத்தில் தேடினால் வருவதெல்லாம் இங்கிலாந்து, அமெரிக்கக் குடும்பங்களுக்காக எழுதியவை. ஸ்காட்லாந்தின் ஸ்ட்ராத்கிளைட் பல்கலைக்கழகம் ஃபியூச்சர்லேர்ன் தளத்தில் நடத்தும் வம்சாவளி ஆய்வுப் பாடம் நல்ல பாடம். குடும்ப ஆவணங்களுக்கான ஃபேமிலிசர்ச் தளத்தின் விக்கியில் இந்தியாவுக்கென்று தனிப் பக்கங்கள் உண்டு, அது இலவசம். இரண்டையும் ஒருமுறை பாருங்கள். ஆனால் அவர்களுடைய முறையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், மூலங்களை அங்கேயே விட்டுவிடுங்கள். அவர்கள் ஆய்வு நிற்பது இரண்டு தூண்கள் மேல்: மாறாத குடும்பப் பெயர், வீடு வீடாக எடுத்த மக்கள்தொகைக் கணக்கு. நமக்கு இரண்டும் இல்லை. நம் ஊரில் ஒருவருடைய பெயர் அவரோடு முடிந்துவிடுகிறது. பிள்ளைக்கு அது முதலெழுத்தாகிறது, பேரனிடம் அதுவும் போய்விடுகிறது. நம் மக்கள்தொகைக் கணக்கில் வீட்டுக்கு வீடு எழுதிய படிவங்களை யாரும் பார்க்க முடியாது. 1948-ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது.

அதனால் பெயரைப் பிடித்துக்கொண்டு மேலே ஏற முடியாது. ‘ராமசாமி மகன் கோவிந்தசாமி’ ஒரு தாலுகாவில் நூறு பேர் இருப்பார்கள். நமக்கு நிலையாக இருப்பது ஊர், நிலம், குலதெய்வம், கொண்டான் கொடுத்தான் உறவு. இந்த நான்கும் அவ்வளவு சீக்கிரம் மாறுவதில்லை. ஒரு பெயரைக் கண்டதும் ‘இவர்தான்’ என்று குதிக்காமல், எந்த ஊர், எந்தத் தெரு, எந்த வயல், எந்தக் கோயில் வரி, பெண் எடுத்தது எங்கே என்று கேட்டு, இரண்டு மூன்று விஷயமாவது பொருந்தினால்தான் ஏற்க வேண்டும். வெளிநாட்டுப் பாடங்களிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய முறையும் இதுதான். ஒவ்வொரு தகவலுக்கும் பக்கத்தில் அது எங்கிருந்து வந்தது, யார் சொன்னார், எப்போது சொன்னார் என்று எழுதுங்கள். ஒரே பெரியம்மா சொன்னதை மூன்று பேர் திரும்பச் சொன்னால் அது மூன்று சாட்சி இல்லை, ஒரு சாட்சிதான்.

சரி, எங்கே தொடங்குவது? வயதானவர்களிடம். இது எல்லோரும் சொல்வதுதான். எப்படிக் கேட்பது என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை. ‘உங்க தாத்தா பேர் என்ன’ என்று கேட்டால் ஒரு பெயர் வரும், அத்தோடு பேச்சு நின்றுவிடும். ‘பொங்கலுக்குச் சீர் எந்த ஊர்லேர்ந்து வரும்?’, ‘காதுகுத்துக்கு யார் மடியில உட்கார வச்சாங்க?’, ‘யார் வீட்டோட பேச்சுவார்த்தை இல்லாம இருந்தது, ஏன்?’ என்று கேட்டுப் பாருங்கள். கடைசிக் கேள்விக்கு வரும் பதிலில் பங்காளிகள் அத்தனை பேரும் வந்துவிடுவார்கள். சண்டைக்குக் காரணம் பெரும்பாலும் வரப்போ சுவரோ கிணறோ. அது பின்னால் பத்திரம் தேடும்போது உதவும். பெண்களிடம் தனியாகப் பேசுங்கள். ஆண்கள் அப்பா வழியை மட்டும் சொல்வார்கள். யார் யாருக்கு வாழ்க்கைப்பட்டாள், எந்தக் குழந்தை தங்கவில்லை, எந்தத் தாத்தாவுக்கு இரண்டு தாரம் என்பதெல்லாம் அத்தைகளிடமும் சின்னப்பாட்டிகளிடமும்தான் இருக்கிறது. கைபேசியில் பதிவு செய்யுங்கள், அனுமதி கேட்டுச் செய்யுங்கள். பழைய படங்களை முன்னால் வைத்துக் கேட்டால் பேச்சு தானாக ஓடும்.

ஆண்டு கேட்காதீர்கள், சம்பவம் கேளுங்கள். தஞ்சைப் பக்கம் ‘52 புயல்’ என்று இன்னும் சொல்வார்கள். 1952 நவம்பர் இறுதியில் டெல்டாவைப் புரட்டிய புயல் அது. அதற்கு முன்பா பின்பா, யுத்தத்தில் அரிசிக்கு அலைந்தபோதா, தனுஷ்கோடி அழிந்த 1964-க்கு அப்புறமா என்று கேட்டால் ஓரளவு சரியான காலம் கிடைக்கும். அவர்கள் தங்கள் பாட்டியிடம் கேட்ட கதையில் ‘தாது வருஷப் பஞ்சம்’ வந்தால் 1876–77.

அடுத்தது வீட்டிலிருக்கும் காகிதம். பீரோவைத் திறந்தால் முதலில் தேட வேண்டியது மொய் நோட்டு. குடும்ப வரலாறு தேடுபவர்கள் அதிகம் அலட்சியம் செய்வது இதைத்தான் என்று எனக்குத் தோன்றும். 1950-களில் நடந்த ஒரு கல்யாணத்தின் மொய் நோட்டு கிடைத்தால், அன்றைக்கு உங்கள் குடும்பத்தோடு கொடுக்கல் வாங்கல் இருந்த ஒவ்வொரு வீடும் ஊர்ப் பெயரோடு அதில் இருக்கும். தாய்மாமன் முறை எழுதியவர் யார், பங்காளிகள் எந்த வரிசையில் எழுதியிருக்கிறார்கள், எந்தெந்த ஊரிலிருந்து ஆள் வந்திருக்கிறது என்று பார்த்தால் நான்கைந்து ஊர்கள் தனித்துத் தெரியும். அவைதான் உங்கள் சம்பந்த ஊர்கள். பாட்டிமார்களின் பிறந்த வீடு அவற்றில்தான் இருக்க வாய்ப்பு அதிகம். கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை இரண்டையும் விடாதீர்கள். கருமாதிப் பத்திரிகையின் அடியில் மகன்கள், மகள்கள், மருமக்கள், பேரன் பேத்திகள் வரிசையாக இருக்கும். இறந்த தேதியும் இருக்கும்.

ஜாதக நோட்டுகளைப் பற்றி ஒரு வார்த்தை. பள்ளிச் சான்றிதழில் இருக்கும் பிறந்த தேதியைவிட ஜாதகம் நம்பகமானது. அந்தக் காலத்தில் கையைத் தலைக்கு மேலே வளைத்துக் காதைத் தொட்டால் ஐந்து வயது என்று சேர்த்துக்கொண்டு, வாத்தியாரே ஒரு தேதி போட்டார். ஊரில் பாதிப் பேருக்குப் பிறந்த நாள் மே, ஜூன் மாதத்தில் வருவதற்கு அதுதான் காரணம். ஜாதகத்தில் தமிழ் வருஷம், மாதம், தேதி, நட்சத்திரம் இருக்கும். சிக்கல் என்னவென்றால் வருஷப் பெயர் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்ப வரும். சித்திரபானு என்றால் 1882–83 ஆகவும் இருக்கலாம், 1942–43 ஆகவும் இருக்கலாம். கட்டத்தை வைத்துத் தீர்க்கலாம் என்று பார்த்தால் குருவும் சனியும் உதவாது. அறுபது ஆண்டில் இரண்டும் ஏறக்குறைய பழைய இடத்துக்கே வந்துவிடும். ராகு கேதுவைப் பாருங்கள். அவற்றின் சுற்று பதினெட்டரை ஆண்டு, அதனால் இடம் மாறியிருக்கும். கணினியில் இரண்டு ஆண்டுக்கும் கட்டம் போட்டுப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும்.

திதி கொடுக்கும் குடும்பமா நீங்கள்? தர்ப்பணத்தில் மூன்று தலைமுறைப் பெயர் சொல்ல வேண்டும். உங்கள் தாத்தா கொடுத்தபோது சொன்ன பெயர்கள் எங்காவது எழுதி வைத்திருந்தால், அவருடைய அப்பாவுக்கு மேலே இரண்டு தலைமுறை ஒரே அடியில் கிடைக்கும். பஞ்சாங்கத்தின் கடைசிப் பக்கத்திலோ வரவு செலவு நோட்டிலோ எழுதியிருப்பார்கள். குடும்பத்துக்குத் திதி செய்துவைத்த சாஸ்திரிகளின் வீட்டிலும் கேட்டுப் பாருங்கள். அந்த வழக்கம் இல்லையென்றால் பெயரிடும் முறையைப் பாருங்கள். மூத்த பேரனுக்குத் தாத்தா பெயர் வைப்பது பல குடும்பங்களில் தவறாது. உங்கள் தாத்தாவின் அண்ணன் பெயர் அவர்களுடைய தாத்தாவின் பெயராகவே இருக்கலாம். இது ஊகம்தான், சான்றாகாது. ஆனால் பழைய ஆவணத்தில் எந்தப் பெயரைத் தேடுவது என்று ஒரு துப்பு கொடுக்கும். இதே வழக்கம் குழப்பமும் செய்யும். தாத்தாவும் பேரனும் ஒரே பெயரில் ஒரே நிலத்துக்கு வரி கட்டியிருப்பார்கள். எழுபது ஆண்டு ஒரே ஆள் வாழ்ந்து விவசாயம் பார்த்ததாகத் தோன்றும்.

இனி நிலம். உங்கள் குடும்பத்துக்கு ஒரு மா நிலமாவது இருந்திருந்தால் இதுதான் நெடுஞ்சாலை. முதலில் வில்லங்கச் சான்று, அதாவது ஒரு சொத்தின்மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல். பத்திரப்பதிவுத் துறையின் இணையதளத்தில் சர்வே எண் கொடுத்து இலவசமாகப் பார்க்கலாம். பெரும்பாலான சார்பதிவாளர் அலுவலகங்களுக்கு 1975 முதல் இருக்கும். அதில் வரும் பத்திர எண்ணைக் கொண்டு நகல் வாங்கலாம். 1975-க்கு முன்னால் என்றால் அலுவலகத்துக்குப் போய் மனுப் போட்டுக் கையால் தேடச் சொல்ல வேண்டும். அங்கே ஆள் பெயர்வாரியாக ஓர் அட்டவணைப் புத்தகமும் சொத்துவாரியாக இன்னொன்றும் உண்டு. இரண்டிலும் தேடச் சொல்லுங்கள். சென்னை மாகாணத்தில் பத்திரப்பதிவு 1860-களின் நடுவில் தொடங்கியது, அதனால் நூறாண்டுக்கு மேல் பின்னால் போக வழி இருக்கிறது.

பத்திரங்களில் கிரயப் பத்திரத்தைவிட பாகப்பிரிவினைப் பத்திரம் பல மடங்கு மேல். அண்ணன் தம்பிகள் அத்தனை பேரும், இறந்துபோனவரின் விதவையும், மைனர் பிள்ளைகளும் கார்டியனும் ஒரே தாளில் வருவார்கள். சொத்து யாருடைய சுயார்ஜிதம் (தானே சம்பாதித்தது), யாரிடமிருந்து பிதுரார்ஜிதமாக (முன்னோர் வழியாக) வந்தது என்ற வரியில் மேல் தலைமுறை இருக்கும். பழைய பத்திரங்களின் தொடக்கமே ஒரு குறிப்பேடு: தஞ்சாவூர் ஜில்லா, மன்னார்குடி தாலுகா, இன்ன கிராமத்தில் வசிக்கும் இன்னார் குமாரர் இன்னார், இன்ன ஜாதி, இன்ன மதம், இன்ன ஜீவனம். இந்த மாவட்டப் பெயரைக் கவனியுங்கள். உங்கள் ஊர் இன்று திருவாரூர் மாவட்டம், 1990-களில் சில ஆண்டு நாகப்பட்டினம், 1991-க்கு முன் தஞ்சாவூர். பழைய ஆவணம் எதிலும் திருவாரூர் மாவட்டம் என்று தேடினால் கிடைக்காது.

பத்திரத்தில் எல்லோரும் தாண்டிப் போகிற ஒரு பகுதி சக்குபந்தி. ‘இன்னார் நஞ்சைக்கு வடக்கு, வாய்க்காலுக்குத் தெற்கு, இன்னார் புஞ்சைக்குக் கிழக்கு’ என்று நான்கு எல்லை சொல்வது. அந்த ‘இன்னார்’ யார் என்று பாருங்கள். அண்ணன் தம்பி பாகம் பிரித்த நிலம் அடுத்தடுத்துத்தான் இருக்கும். ஆகவே எல்லையில் நிற்பவர் பெரும்பாலும் பங்காளி. அவரும் உங்கள் கொள்ளுத்தாத்தாவும் ஒரு தகப்பனுக்கோ ஒரு பாட்டனுக்கோ பிறந்தவர்களாக இருக்கக்கூடும். அவருடைய பத்திரத்தையும் எடுங்கள். அதில் எழுதியிருக்கும் ‘குமாரர்’ வரி உங்களுக்கும் விடை சொல்லலாம். ஒரு கிராமத்தின் பழைய புலப்படத்தை விரித்து வைத்துக்கொண்டு, ஒரே பெரிய புல எண் எப்படி உட்பிரிவுகளாக உடைந்தது என்று தொடர்ந்தால், ஒரு குடும்பம் கிளை பிரிந்த வரிசையே கண்ணில் படும்.

வருவாய்த்துறைப் பக்கம் இன்றைய பட்டா, சிட்டா, ‘அ’ பதிவேடு இணையத்திலேயே பார்க்கலாம். அவை 1980-களில் நில உடைமைப் பதிவேடுகளைப் புதுப்பிக்க நடந்த யூ.டி.ஆர். கணக்கெடுப்பின் பிள்ளைகள். அதற்கு முந்தைய, நிலவரி நிர்ணயத்துக்காக எழுதிய செட்டில்மென்ட் பதிவேடுதான் உங்களுக்கு வேண்டும்; தாலுகா அலுவலகத்திலோ மாவட்ட ஆட்சியரக ஆவண அறையிலோ இருக்கும். பழைய புல எண்ணுக்கும் புதிய எண்ணுக்கும் ஒப்புப் பட்டியலையும் கேளுங்கள், அது இல்லாவிட்டால் வேறு யாருடைய வயலையோ ஆராய்ந்துகொண்டிருப்பீர்கள். வாய்மொழியாகக் கேட்டு நடக்கவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு எழுதுங்கள்; ஆவணத்தின் பெயரைத் துல்லியமாக எழுதினால்தான் பதில் உருப்படியாக வரும். இன்னொரு வழியும் உண்டு. கிராமக் கணக்கும் வரிவசூலும் பார்த்த பரம்பரைக் கர்ணம், பட்டாமணியம் பதவிகளை அரசு ஒழித்தது 1980-இல். சில முன்னாள் கர்ணம் குடும்பங்களில் பழைய குறிப்புகள் இன்னும் பரணில் கிடக்கின்றன. மரியாதையாகப் போய்க் கேட்டால் காட்டுவார்கள்.

இந்தக் கணக்குகளில் ஆண்டு, வருவாய்த்துறையின் கணக்கு ஆண்டான பசலியில் இருக்கும். பசலியோடு 590 கூட்டினால் அந்தப் பசலி தொடங்கிய ஆங்கில ஆண்டு, ஜூலையில் தொடங்கும். பசலி 1330 என்றால் 1920 ஜூலை முதல் 1921 ஜூன் வரை. திருநெல்வேலி, கன்னியாகுமரிப் பக்கத்து உறவு வந்தால் கொல்லம் ஆண்டு வரும், அதற்கு 824 அல்லது 825 கூட்ட வேண்டும். தமிழ் எண்களையும், வருஷம் மாதம் தேதிக்கான பழைய குறியீடுகளையும் படிக்கப் பழகுங்கள். ஒரு வார வேலை. இந்தத் துறையில் நீங்கள் கற்றுக்கொள்ளும் வேறெதுவும் இதைப்போல் உழைப்புக்குப் பலன் தராது.

நிலமே இல்லாத குடும்பம் என்றால்? டெல்டாவில் பல குடும்பங்களுக்கு இந்தக் கேள்விதான் உண்மையான கேள்வி. மிராசுதார் குடும்பம் எளிதாக ஏழெட்டுத் தலைமுறை சொல்கிறது, அவர் பண்ணையில் உழைத்த குடும்பத்துக்கு மூன்றாவது தலைமுறையிலேயே இருட்டு. அது அந்தக் குடும்பத்தின் மறதி அல்ல, எழுத மறுத்த கணக்கு. இருந்தாலும் வழி அடைபட்டுவிடவில்லை. 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி எடுத்த குத்தகை உரிமைப் பதிவேட்டில் சாகுபடி செய்தவரின் பெயர் கிராமவாரியாக உண்டு. 1971-ஆம் ஆண்டுக் குடியிருப்புச் சட்டத்தின்படி வீட்டுமனை உரிமை கொடுத்த ஆவணங்களிலும் குடும்பத் தலைவர் பெயர் வரும். கோயில், மட நிலத்தில் பயிர் செய்திருந்தால் அந்தக் கோயிலின் குத்தகைக் கணக்கைப் பாருங்கள். மன்னார்குடிச் சுற்றுவட்டாரத்தில் கோயில் நிலத்துக்குப் பஞ்சமே இல்லை. ரயில்வே, ராணுவம், மில், நகராட்சி என்று யாராவது வேலைக்குப் போயிருந்தால் பணிப்பதிவேட்டில் அப்பா பெயரும் சொந்த ஊரும் இருக்கும். இரண்டு உலகப் போர்களிலும் இறந்த சிப்பாய்களின் பெயர்களைக் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் இலவசமாகத் தேடும்படி வைத்திருக்கிறது. பல பதிவுகளில் தகப்பன் பெயர், கிராமம், ஜில்லா வரை உண்டு.

கிறிஸ்தவக் குடும்பமானால் ஞானஸ்நானப் பதிவேடு. தரங்கம்பாடியில் 1706-இல் ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்க் வந்திறங்கியதிலிருந்து டேனிஷ் ஹாலே மிஷன் எழுதித் தள்ளியிருக்கிறது. அதன் பெரும்பகுதி ஜெர்மனியில் ஹாலே நகரத்து ஃபிராங்கே நிறுவனத்தில் இருக்கிறது. கத்தோலிக்கர்கள் பங்குச் சாமியாரிடம் தொடங்கலாம்; மதுரை மிஷன் ஆவணங்கள் கொடைக்கானல் செண்பகனூரில் சேசு சபையினரிடம் உள்ளன. முஸ்லிம்கள் ஜமாஅத்தின் நிக்காஹ் பதிவேட்டைக் கேட்க வேண்டும். காரைக்கால், புதுச்சேரி உறவு இருந்தால் அதிர்ஷ்டம். பிரெஞ்சு ஆட்சியின் பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவுகளைப் பிரான்ஸின் கடல்கடந்த நாடுகளுக்கான ஆவணக் காப்பகம் இணையத்தில் வைத்திருக்கிறது. நாட்டுக்கோட்டை நகரத்தாருக்கு ஒன்பது கோயில்களும், கோயில்வாரியாகக் குடும்பங்களை எண்ணும் புள்ளிக் கணக்கும் இருக்கின்றன, அவர்களுக்கு இந்தப் பதிலே தேவையில்லை.

மற்றவர்களுக்குக் குலதெய்வக் கோயில். வரி கட்டும் தலைக்கட்டுகளின் பட்டியல் பூசாரியிடமோ நாட்டாமையிடமோ நோட்டில் இருக்கும். குலதெய்வம் நீங்கள் சொல்லும் ஊரில் இல்லாமல் முப்பது கல் தள்ளி இருந்தால், குடும்பம் அங்கிருந்து பெயர்ந்து வந்திருக்க வாய்ப்பு உண்டு. தேடலின் அடுத்த தாலுகா அதுதான். வருடத்துக்கு ஒருநாள், சிவராத்திரியோ பங்குனி உத்திரமோ, பங்காளிகள் எல்லோரும் அங்கே கூடுவார்கள். அன்றைக்கு ஒரு பெரிய தாளில் வம்சாவளியை வரைந்து எடுத்துக்கொண்டு போங்கள். தவறாக எழுதியிருந்தால் யாராவது ஒருவர் கோபத்தோடு திருத்துவார், அந்தத் திருத்தம்தான் உங்களுக்கு வேண்டும்.

பிறப்பு இறப்புப் பதிவைப் பற்றிப் பெரிதாக நம்பிக்கை வைக்காதீர்கள். மாகாணத்துக்கு 1899-இல் சட்டம் வந்தது உண்மை, ஆனால் கிராமத்தில் பதிவு அரைகுறை. கிடைத்தாலும் ‘ஆண் குழந்தை’ என்று மட்டும் இருக்கும், பெயர் வைப்பதற்கு முன் எழுதியது. தகப்பன் பெயரையும் தெருவையும் கொண்டு தேட வேண்டும். இணையத்தில் வெளியிட்டிருக்கும் 2002, 2005 வாக்காளர் பட்டியல்களால் வேறு பயன் உண்டு: ஊரில் இன்னும் இருக்கும் தூரத்துப் பங்காளிகளைத் தெருவாரியாகக் கண்டுபிடிக்கலாம்.

கோர்ட்டுக் கட்டுகளை மறக்க வேண்டாம். நம் ஆட்கள் சொத்துக்கு வழக்காடாமல் இருந்ததில்லை. பாகப்பிரிவினை வழக்கின் வாதுரையில் வம்சாவளிப் படமே இணைத்திருப்பார்கள், எதிர்த்தரப்பு அதை மறுத்து வேறொன்று கொடுத்திருக்கும். இரண்டையும் நீதிபதி அலசியிருப்பார். மேல்முறையீடு வரை போனது என்றால் உயர் நீதிமன்றத் தீர்ப்புகளை இணையத்திலேயே ஊர்ப் பெயர் கொடுத்துத் தேடலாம்.

எழும்பூரில் இருக்கும் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்கு எல்லோரும் முதலில் ஓடுவார்கள். கடைசியில் போங்கள். ஆய்வாளர் அனுமதி வாங்க வேண்டும். உள்ளே போனபின் எந்த ஆண்டு, எந்தத் துறை, எந்த அரசாணை என்று சொல்லத் தெரியாவிட்டால் வெறுங்கையோடு திரும்ப வேண்டும். அங்கே நமக்குப் பயன்படக்கூடியது இனாம் பதிவேடு. 1850-களின் இறுதியில் தொடங்கிய இனாம் கமிஷன், மானியமாக நிலம் அனுபவித்த ஒவ்வொருவரையும் விசாரித்து எழுதியது. கோயில் ஊழியம், வைத்தியம், வேதம், தச்சு, வெட்டிமை என்று எந்த வகை மானியமானாலும், அனுபவிப்பவரின் பெயர், வயது, யாருக்கு முதலில் கொடுத்தது, வாரிசு முறை என்று விவரம் உண்டு. உங்கள் குடும்பத்துக்கு அப்படி ஒரு மானியம் இருந்ததாகப் பேச்சு இருந்தால் உடனே போகலாம். ஊரின் பின்னணிக்கு ஹெமிங்வே என்ற ஆங்கிலேய அதிகாரி எழுதி 1906-இல் வந்த தஞ்சாவூர் ஜில்லா கெசட்டியர் போதும். பழைய சிறு வெளியீடுகளுக்குத் தமிழிணைய மின்னூலகமும் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் இருக்கின்றன.

ஒரு எச்சரிக்கை. சாதிச் சங்கங்கள் போடும் குல வரலாற்றுப் புத்தகங்களில் எல்லோரும் ஏதோ ஓர் அரசரின் வழித்தோன்றல்தான். படியுங்கள், ஊர்ப் பெயர்களையும் கிளைப் பெயர்களையும் குறித்துக்கொள்ளுங்கள், சோழரோடு உங்களை இணைத்து வரைந்த கோட்டினை மட்டும் விட்டுவிடுங்கள்.

கப்பலேறிய தம்பிக்கு வருவோம். எங்கே போனார் என்பதைக் காலத்தை வைத்துக் குறுக்கலாம். தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகள் போனது 1860 முதல் 1911 வரை. பிஜிக்குத் தென்னிந்தியர்கள் போனது 1903-க்கும் 1916-க்கும் இடையில். மொரீஷியஸுக்கு 1834-இலிருந்து. நாகப்பட்டினம் துறைமுகம் பக்கம் என்பதால் மலாயாவுக்கு வாய்ப்பு அதிகம், பர்மாவும் இலங்கையும் அடுத்தது. வீட்டுப் பேச்சில் என்ன ஊர் வருகிறது என்று கேளுங்கள். டர்பன், மோரிஸ், ரங்கூன், பினாங்கு, கண்டி என்று ஏதாவது ஒரு சொல் தங்கியிருக்கும். பணம் வந்ததா, கடிதம் எப்போது நின்றது என்பதும் முக்கியம். 1942-இல் நின்றது என்றால் ஜப்பானியர் பிடித்த மலாயா அல்லது பர்மா.

நேட்டால் என்றால் உங்கள் பாடு எளிது. போன 1,52,184 பேருக்கும் கப்பல் பட்டியல் இருக்கிறது. எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடல் அடையாளம் வரை எழுதியிருக்கிறார்கள். டர்பனில் குவாசூலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுத்துலி ஆவண மையம் அதைக் கணினியில் ஏற்றியிருக்கிறது. மொரீஷியஸுக்கு மோக்காவில் இருக்கும் மகாத்மா காந்தி நிறுவனம். சிலருக்குப் புகைப்படமே உண்டு. பிஜிக்கும் ஆள்வாரியாகக் குடியேற்றச் சீட்டுகள் உள்ளன. மலாயாதான் கஷ்டம். அங்கே ஒப்பந்தக் கூலி முறை 1910-இல் நிறுத்தப்பட்டு, அதன்பின் 1938 வரை, தோட்டத்துக்கு ஆள் சேர்த்துக் கொண்டுபோகும் கங்காணி மூலமாக ஆள் போனார்கள். நேட்டாலுக்கு இருப்பது போன்ற ஆள்வாரிப் பட்டியல் கிடைக்காது. அங்கே கங்காணியைப் பிடிக்க வேண்டும். கங்காணி தன் ஊரிலிருந்தும் பக்கத்து ஊர்களிலிருந்தும்தான் ஆள் சேர்ப்பார். உங்கள் கிராமத்திலிருந்து வேறு யார் மலாயா போனார்கள், எந்தத் தோட்டம் என்று விசாரித்தால் உங்கள் சின்னக் கொள்ளுத்தாத்தாவும் அதே தோட்டத்தில் இருந்திருக்க வாய்ப்பு உண்டு. சிங்கப்பூர் தேசிய நூலகம் பழைய நாளிதழ்களை இலவசமாகத் தேடும்படி இணையத்தில் வைத்திருக்கிறது. தோட்டத்தின் பெயர் தெரிந்தபின் அது உதவும். இலங்கை மலையகம் என்றால் 1964-ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் திரும்பியவர்களின் குடும்ப அட்டையிலும் பாஸ்போர்ட்டிலும் குடும்ப உறுப்பினர்கள் பெயர் முழுதாக இருக்கும்; இலங்கைத் தமிழ் ஆவணங்களைச் சேர்க்கும் ‘நூலகம்’ நிறுவனத்தின் இணையத் தொகுப்பையும் பாருங்கள்.

எல்லாவற்றையும் சேர்த்து வைக்க கிராம்ப்ஸ் என்ற இலவச மென்பொருள் போதும். அக்கா மகளைக் கட்டியவர், அத்தை மகனைக் கட்டியவள் என்று நம் மரம் கிளை பிரிந்து மறுபடி ஒட்டிக்கொள்ளும். அதைச் சமாளிக்கும் மென்பொருளாகப் பார்த்து எடுக்க வேண்டும், கிராம்ப்ஸ் சமாளிக்கிறது. மரபணுப் பரிசோதனைக்கு இப்போதே காசு செலவழிக்காதீர்கள் என்பது என் கருத்து. உறவுக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாகக் கட்டியதால் தூரத்து உறவுகூட நெருங்கிய உறவு போலத் தெரியும்; நம் ஊர் ஆட்கள் அந்தத் தளங்களில் குறைவும்கூட. கப்பலேறியவர் விஷயம் மட்டும் விதிவிலக்கு. புலம்பெயர்ந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நிறையப் பேர் அந்தப் பரிசோதனையைச் செய்துகொண்டு, ஊரைத் தேடி அந்தப் பக்கத்திலிருந்து வந்துகொண்டிருக்கிறார்கள். ஆவணங்களில் ஒன்றும் சிக்காதபோது, குடும்பத்திலேயே மூத்த உறுப்பினர் ஒருவர் சம்மதத்தோடு அதைச் செய்து பார்க்கலாம்.

அப்படி ஊரைத் தேடி வருபவர்கள் கையில் இருப்பது பெரும்பாலும் ஒரு வெள்ளைக்கார எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதிய ஊர்ப் பெயர்தான். மன்னார்குடி ‘மனார்கூடி’ ஆகியிருக்கும், கிராமத்தின் பெயர் அடையாளமே தெரியாமல் போயிருக்கும். உங்கள் கிராமத்தின் பெயரை வாய்விட்டுச் சொல்லி, தமிழ் தெரியாத ஒருவர் அதை எத்தனை விதமாக ஆங்கிலத்தில் எழுதுவார் என்று ஒரு பட்டியல் போட்டுக்கொண்டு, ஒவ்வொன்றாகக் கொடுத்துத் தேடுங்கள். ‘ழ’ வரும் ஊரானால் பட்டியல் நீளும்.

கிராமத்தின் பெயரையும் குலதெய்வத்தையும் எழுதி அனுப்புங்கள். எந்தச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பழைய புத்தகம் இருக்கும், எந்தப் பதிவேட்டை முதலில் கேட்பது என்று சொல்கிறேன். ஆனால் அதற்கு முன் ஊரில் மிச்சமிருக்கும் பெரியவர்களைப் பார்த்துவிடுங்கள். பதிவேடு அடுத்த வருஷமும் அங்கேயேதான் இருக்கும்.